ட்யூன் மூணாம் பாகம்: எதிர்பார்ப்பும் பயமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ட்யூன்ங்கற சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தோட மூணாவது பாகம் 2026 டிசம்பர் 18 ரிலீஸ்னு அறிவிச்சதுல இருந்து ஃப்ரெண்ட்ஸ், கசின்ஸ், ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்கன்னு எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கு, அதனால மொத்தத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதிடறேன். நாவல் படிக்காதவங்க பயப்படாம படிக்கலாம், கதையோட முடிவ சொல்ற பகுதி கடைசிக்கு கொஞ்சம் முன்னாடி தனியா இருக்கு, அங்க வரும்போது சொல்லிடறேன்.

இது புதுசா எழுதுன கதையா, இல்ல நாவல் இருக்கா?

நாவல் இருக்கு. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965ல எழுதுன முதல் நாவலத்தான் டைரக்டர் டெனி வில்னவ் ரெண்டா பிரிச்சு 2021லயும் 2024லயும் படமா எடுத்தார். மூணாவது படம் ஹெர்பர்ட் 1969ல எழுதுன ரெண்டாவது நாவல் ட்யூன் மெசையாவ வச்சு. முதல் நாவல் பெரிய தலகாணி சைஸ், இது அதுல பாதி கூட இருக்காது, ஆனா மனச போட்டு பிசையுறதுல இதுதான் பெருசு.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். முதல் நாவல அனலாக் பத்திரிகைல தொடரா போட்ட எடிட்டர் ஜான் கேம்ப்பெல் இந்த ரெண்டாவது கதைய வேண்டாம்னுட்டார், அவருக்கு ஜெயிக்கிற ஹீரோ வேணும், இது அப்படி இல்ல. அப்புறம் கேலக்ஸிங்கற இன்னொரு பத்திரிகைலதான் வந்துச்சு. அன்னைக்கு அந்த எடிட்டருக்கு வந்த சங்கடம் இந்த டிசம்பர்ல தியேட்டர்ல உக்காந்திருக்கிற நிறைய பேருக்கு வரும், வரணும்.

ரெண்டு பாகமும் மறந்துபோச்சு, சுருக்கமா சொல்ல முடியுமா?

அராக்கிஸ்னு ஒரு பாலைவன கிரகம், ஸ்பைஸ்ங்கற பொருள் அங்க மட்டும்தான் கிடைக்கும், அது இல்லாம கிரகம் விட்டு கிரகம் போக முடியாது. பேரரசர் அந்த கிரகத்த அட்ரெய்டீஸ் குடும்பத்துகிட்ட குடுக்குற மாதிரி குடுத்து, அவங்க எதிரி குடும்பமான ஹார்க்கோனன்கள விட்டு அவங்கள அழிக்கிறார். தப்பிச்ச பையன் பாலும் அம்மா ஜெஸிகாவும் பாலைவன மக்கள் ஃப்ரெமென்கிட்ட அடைக்கலம் போறாங்க, வெளியில இருந்து ஒரு ரட்சகன் வருவான்னு அந்த மக்கள்கிட்ட பெனி ஜெஸரிட்ங்கற பெண்கள் ரகசிய அமைப்பு நூற்றாண்டு கணக்கா விதைச்சு வச்சிருந்த நம்பிக்கைய அம்மாவும் பிள்ளையும் பயன்படுத்திக்கிறாங்க. பால் சானிய காதலிக்கிறான், வில்லன்கள ஜெயிக்கிறான், அரியணைக்காக பேரரசரோட மக இருலான கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சானி கண் முன்னாடியே சொல்றான். மத்த பெரிய குடும்பங்கள் அவன ஏத்துக்கல, ஃப்ரெமென் படை கப்பல் ஏறுது, புனிதப் போர் ஆரம்பிக்குது. சானி தனியா மணல்புழு மேல ஏறிப் போக ரெடியாகுறா, அவ முகத்தோட படம் முடியுது.

பால் ஹீரோதானே? அவர்தான் ஜெயிச்சுட்டாரே, இதுக்கு மேல என்ன கதை இருக்கு?

என்னோட பெரிய எதிர்பார்ப்பும் பெரிய பயமும் ரெண்டுமே இந்த கேள்விக்குள்ளதான் இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

பால் ஹீரோ இல்ல. ஹெர்பர்ட் இத வெளிப்படையாவே பேசியிருக்கார், வசீகரமான தலைவர்கள் ஆபத்தானவங்க, அவங்க கையில எல்லாத்தையும் ஒப்படைக்கிற ஜனங்களுக்கு நாசம்தான் வரும்ங்கறதுதான் அவர் இந்த கதைய எழுதுனதுக்கே காரணம். முதல் நாவல படிச்ச நிறைய பேரு பால கொண்டாடிட்டாங்க, ரெண்டாவது நாவல் அந்த கொண்டாட்டத்த ஒவ்வொரு செங்கல்லா பிரிச்சு போடுது. வில்னவ் இத நல்லா புரிஞ்சவர், ரெண்டாவது படத்துலயே, ரட்சகன் கதைய தீவிரமா நம்புற ஃப்ரெமென் இருக்கிற தெக்கு பக்கம் போனா தன் பேரால ஜனங்க கொத்து கொத்தா சாவாங்கன்னு பால் கனவுல பாக்குறான், பயப்படுறான், கடைசில போயிடறான். அந்த முடிவு எடுக்குற நிமிஷத்துல இருந்து அவன் பேச்சு, நடை, குரல் எல்லாமே மாறிடும், கவனிச்சு பாருங்க.

ஆனா நான் பாத்த தியேட்டர்ல தெக்கத்தி ஃப்ரெமென் கூட்டத்து முன்னாடி பால் பேசுற சீனுக்கு விசில் பறந்துச்சு. அந்த ஜனங்கள குத்தம் சொல்ல மாட்டேன், சீன எடுத்த விதமே அப்படி, குரல் ஏறுது, கூட்டம் எழுந்து நிக்குது, ஹன்ஸ் ஜிம்மரோட மியூசிக் நெஞ்ச அடிக்குது, நம்மளும் அந்த கூட்டத்துல ஒருத்தரா ஆயிடறோம். எப்படி ஒரு ஜனம் மயங்குதுன்னு வில்னவ் நமக்கே மயக்கம் குடுத்து காட்டுறார். அப்படி மயக்குனவருக்கு அந்த மயக்கத்த தெளிய வைக்கிற கடமையும் இருக்கு, மூணாவது படம் அதுக்காகத்தான்.

நாவல்ல ஒரு இடம் வரும். பால் ஃப்ரெமென் தலைவன் ஸ்டில்கர்கிட்ட பழைய பூமியோட சரித்திரத்த படிக்க சொல்றான், ஹிட்லர் அறுபது லட்சத்துக்கும் மேல கொன்னான்னு சொல்றான், ஸ்டில்கருக்கு அது ஒரு பெரிய எண்ணிக்கையாவே தெரியல, ஏன்னா பாலோட கணக்கு 6,100 கோடி உயிர், 90 கிரகம் மொத்தமா மலடாப் போச்சு, 500 கிரகத்து ஜனங்க மனசு நொறுங்கிப் போச்சு, 40 மதத்த பின்பற்றுனவங்க இல்லாமலே போயிட்டாங்க. இத அவன் பெருமையா சொல்லல, தன்மேல இருக்கிற அருவருப்புல சொல்றான், எதிர்ல இருக்கிற ஸ்டில்கர் ஒரு காலத்துல நண்பனா இருந்தவன், இப்ப வெறும் பக்தன், அவனுக்கு புரியவே இல்ல. இந்த சீன் படத்துல இருக்கணும், பின்னணி இசை இல்லாம இருக்கணும். இதுதான் இந்த படத்துகிட்ட நான் கேக்குற முதல் விஷயம்.

பயம் என்னன்னா, ரெண்டாவது பாகம் உலகம் முழுக்க 71 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணிச்சு, அந்த கூட்டம் திரும்பி வரணும்னா போர் காட்சி வேணும், எதிரிங்கள பால் அடிச்சு நொறுக்குற சீன் வேணும்னு எங்கயாவது ஒரு ரூம்ல யாராவது சொல்லியிருப்பாங்க. நாவல்ல போர் பெரும்பாலும் பக்கத்துக்கு வெளிய நடந்து முடிஞ்சிடுது, கதை முழுக்க அரண்மனை, சபை, சதி, மூடுன கதவுக்குள்ள பேச்சு. படத்துல போர காட்டுறதே தப்புன்னு நான் சொல்ல வரல, காட்டட்டும், ஆனா வந்து இறங்குற படையோட பக்கம் நின்னு காட்டாம, வானத்துல இருந்து என்ன எறங்குதுன்னே தெரியாம ஓடுற கிரகத்து ஜனங்க பக்கம் நின்னு காட்டட்டும். அப்படி எடுத்தா நாவல்ல இல்லாதது கூட நாவலுக்கு உண்மையா இருக்கும்.

சானி கோச்சுக்கிட்டு போயிட்டாளே, திரும்பி வருவாளா?

சானியா நடிக்கிற ஸெண்டாயா இந்த படத்துல இருக்காங்க, அதனால சானி இருக்கா. எப்படி வர்றாங்கறதுதான் கேள்வி, நாவல் படிச்சவங்க எல்லாருக்கும் தூக்கம் போற விஷயமும் இதுதான்.

நாவல்ல சானி பால விட்டு போகவே மாட்டா. இருலான் பேருக்கு மனைவி, சானிதான் அவனோட வாழ்க்கை, அத சானியும் ஏத்துக்கிட்டு கூடவே இருப்பா. வில்னவ் அத மாத்தி, ரட்சகன் கதைய நம்பாத ஒருத்திய காட்டுனார், கூட்டம் முழுக்க மண்டி போடும்போது ஒருத்தி மட்டும் போடாம வெளிய நடக்குறா, ரெண்டு படத்துலயும் சேர்த்து எனக்கு புடிச்ச மாற்றம் அதுதான். ஆனா ட்யூன் மெசையாவோட உயிரே பாலுக்கு சானி மேல இருக்கிற அன்புதான், அவள காப்பாத்த முடியுமாங்கறதுல அவன் படுற பாடுதான் கதை. அப்ப வில்னவ் தானே போட்ட முடிச்ச தானே அவுக்கணும்.

கோவம் தீர்ந்து ஒரு டயலாக்ல ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்கன்னா ரெண்டாவது பாகத்தோட அந்த கடைசி ஷாட்டுக்கு மதிப்பே இல்லாம போயிடும். படம் முழுக்க எதிரணில நின்னான்னா நாவலோட முடிவுக்கு போக வழி இல்ல. என் ஆசை, அவ பாலுக்காக திரும்பி வரக்கூடாது, தன் ஜனங்களுக்காக வரணும். போருக்கு போன ஃப்ரெமென் பசங்க கண்ணு போயி, கை கால் போயி வீடு திரும்புறாங்க, அவங்கள பாத்துக்கிட்டே இருக்கிறவ ஒரு நாள் அரண்மனைக்குள்ள வந்து நிக்கணும், எல்லாரும் பால முஆத்திப்ங்கற பட்டப்பேர சொல்லி கும்புடுற இடத்துல அவ மட்டும் பழையபடி, நெருங்குனவங்க மட்டும் சொல்ற உசுல்ங்கற பேர்ல கூப்பிடணும். அங்க இருந்து அவங்களுக்குள்ள என்ன மிச்சம் இருக்குன்னு பேசட்டும். ஸெண்டாயாவும் பாலா நடிக்கிற ஷாலமேவும் அத தாங்குவாங்க, சந்தேகமே இல்ல.

நடிக்கிறவங்க எல்லாம் பழைய ஆளுங்கதானா?

டிமொதி ஷாலமே, ஸெண்டாயா, ஃபுளோரன்ஸ் ப்யூ, ரெபெக்கா ஃபெர்குசன், ஹாவியர் பார்டெம் எல்லாரும் இருக்காங்க. ரெண்டாவது பாகத்துல ஒரு கனவுல மட்டும் எட்டிப் பாத்த ஆன்யா டெய்லர்-ஜாய் இப்ப பாலோட தங்கச்சி ஆலியாவா முழுசா வர்றாங்க. புது வரவு ராபர்ட் பாட்டின்சன், ஸ்கைடேல்ங்கற ரோல், நினைச்ச முகத்துக்கு மாறக்கூடிய ஆளு. இந்த வில்லன் கத்த மாட்டான், அடிக்க மாட்டான், பேசியே கழுத்துல கயிறு மாட்டுவான், அதுக்கு பாட்டின்சன் சரியான ஆளுன்னு நினைக்கிறேன்.

ஜேஸன் மொமோவாவும் இருக்காராமே, அவர் முதல் பாகத்துலயே செத்துட்டாரே?

அவர் நடிச்ச டங்கன் ஐடஹோ, பாலோட நண்பன், செத்தது செத்ததுதான். ஆனா இந்த உலகத்துல செத்த உடம்புல இருந்து திரும்ப ஆள உருவாக்குற ட்லைலாக்ஸுன்னு ஒரு கூட்டம் இருக்கு, அப்படி வந்த உருவத்துக்கு கோலான்னு பேரு, பழைய நினைவு இருக்காது. டங்கன் முகத்தோட, உலோகக் கண்ணோட, ஹெய்ட்ங்கற புது பேரோட ஒருத்தன பாலுக்கு பரிசா அனுப்புறாங்க. பரிசு குடுக்குறவன் எதிரி, அந்த பரிசே ஒரு ஆயுதம், அது பாலுக்கும் தெரியும், ஆனாலும் செத்துப்போன நண்பனோட முகத்த திருப்பி அனுப்ப மனசு வரல. ரசிகர்களுக்கு புடிச்ச நடிகர சும்மா கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு யாரும் நினைக்க வேண்டாம், இது 1969லயே எழுதுனது. மொமோவா இதுல சிரிச்ச முகமா இல்லாம அமைதியா, குழப்பமா, தான் யாருன்னே தெரியாதவரா நடிக்கணும், அவருக்கு இது வரைக்கும் அமைஞ்ச ரோல்லயே கஷ்டமானது இதுவா இருக்கலாம், அதனால கொஞ்சம் கவலையும் இருக்கு.

வில்னவ் அவசரப்படுறாரோ? கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கப் போறேன்னு சொன்னாரே?

சொன்னார். ரெண்டு படமும் அடுத்தடுத்து எடுத்ததுல களைச்சுட்டேன், நடுவுல வேற படம் பண்ணலாம்னு பேசிட்டு இருந்தவர் 2025 ஜூலைலயே புடாபெஸ்ட்ல ஷூட்டிங் ஆரம்பிச்சுட்டார். அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் அடுத்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கும் அவர்தான் டைரக்டர்னு அறிவிச்சாங்க. அதனால இத சீக்கிரம் முடிச்சுட்டு ஓடுறாரோன்னு ஒரு பயம் பரவலா இருக்கு.

எனக்கு அந்த பயம் கம்மி. 2021ல முதல் பாகம் வந்தப்ப அமெரிக்கால தியேட்டர்ல வந்த அன்னைக்கே ஓடிடிலயும் போட்டாங்க, ரெண்டாவது பாகத்துக்கு அனுமதி கூட அப்ப கிடையாது, பாதி கதையோட நம்மள நிப்பாட்டிடுவாங்களோன்னு இருந்தோம், ரிலீஸ் ஆகி சில நாள்லதான் ஓகே சொன்னாங்க. ரெண்டாவது பாகம் நடிகர் சங்க ஸ்ட்ரைக்கால 2023 நவம்பர்ல இருந்து 2024 மார்ச்சுக்கு தள்ளிப்போச்சு. இவ்வளவு நடந்தும் ரெண்டு படத்துலயும் ஒரு ஷாட் கூட அவசரமா எடுத்த மாதிரி தெரியாது. அதுவுமில்லாம முதல் ரெண்டும் சேர்ந்து ஒரு கதை முடிஞ்சிடுச்சு, இது அதோட வால் மாதிரி இல்லாம தனி அடையாளத்தோட இருக்கணும்னு அவரே சொல்லியிருக்கார், அந்த எண்ணம் இருக்கிறவர் சும்மா கடமைக்கு எடுக்க மாட்டார்.

கேமராமேன் மாறிட்டாராமே?

ஆமா. முதல் பாகத்துக்கு ஆஸ்கர் வாங்குன கிரெய்க் ஃப்ரேசர் இல்ல, லா லா லேண்ட் படத்துக்கு ஆஸ்கர் வாங்குன லைனஸ் சாண்ட்கிரென் வந்திருக்கார். ஃப்ரேசரோட அந்த வெளுத்த மணல் கலர், கண்ண கூச வைக்கிற வெயில், ஹார்க்கோனன் கிரகத்து கறுப்பு வெள்ளை சண்டை எல்லாம் மறக்க முடியாது, அதனால மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா முன்னாடி ரெண்டும் டிஜிட்டல்ல எடுத்தது, இந்த தடவை பெரும்பாலும் ஃபிலிம், ஐமேக்ஸ் ஃபிலிம் கேமராவும் உண்டு, வருஷங்கள் கழிச்சு நடக்குற கதை வேற, அரண்மனைக்குள்ள மெழுகுவர்த்தி வெளிச்சத்துல நடக்குற மாதிரியான சதி கதை, அதுக்கு தோற்றம் மாறுறது நியாயம்தான்.

மியூசிக்?

ஹன்ஸ் ஜிம்மர்தான், நிம்மதி. முதல் பாகத்துக்கு ஆஸ்கர் வாங்குனார், ரெண்டாவதுல பழைய இசை நிறைய இருக்குன்னு போட்டிக்கே எடுத்துக்கல. எனக்கு ஒரே வேண்டுதல், அந்த பெண் குரல் அலறல் இந்த படத்துல குறையணும், காதல் தீம் மட்டும் உடைஞ்ச மாதிரி அங்கங்க வந்தா போதும்.

அதே நாள்ல அவெஞ்சர்ஸ் வருதே, நமக்கு ஸ்க்ரீன் கிடைக்குமா?

அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டேவும் டிசம்பர் 18னுதான் அறிவிச்சிருக்காங்க. அமெரிக்கால ஐமேக்ஸ் ஸ்க்ரீன்கள ட்யூன் முன்னாடியே புடிச்சு வச்சிருக்குன்னு செய்தி வந்துச்சு. நம்ம ஊர்ல என்ன ஆகும்ங்கறதுதான் உண்மையான கவலை. 2024 டிசம்பர்ல இன்டர்ஸ்டெல்லர் பத்தாவது வருஷ ஐமேக்ஸ் ரீரிலீஸ் மத்த நாட்டுல எல்லாம் ஓடுச்சு, இங்க புஷ்பா 2 எல்லா ஐமேக்ஸ் ஸ்க்ரீனையும் எடுத்துக்கிட்டதால நம்ம 2025 பிப்ரவரி வரைக்கும் காத்திருந்தோம். அந்த மாதிரி இன்னொரு தடவை வேண்டாம்.

தமிழ்நாட்டுல ஐமேக்ஸ்னா சென்னைல வடபழனி பலாஸ்ஸோ, வேளச்சேரி லக்ஸ், கோயம்புத்தூர்ல பிராட்வேன்னு விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்கு. மதுரை, திருச்சி, நெல்லைல இருக்கிறவங்க பஸ் ஏறித்தான் வரணும். ஐமேக்ஸ் ஃபிலிம் ப்ரொஜெக்டர் இந்தியாவுலயே இப்ப ஓடல, ஹைதராபாத் பிரசாத்ஸ்ல ஒரு காலத்துல இருந்துச்சு. ஆக ஃபிலிம்ல எடுத்த படத்த நம்ம டிஜிட்டல்லதான் பாக்கப் போறோம். அதுலயும் ஐமேக்ஸ்ல பாத்தா வித்தியாசம் கண்டிப்பா தெரியும், முடிஞ்சவங்க முதல் வாரத்துலயே புக் பண்ணுங்க, ரெண்டாவது வாரம் ஸ்க்ரீன் யார் கையில இருக்கும்னு சொல்ல முடியாது.

இன்னொண்ணு இன்டர்வெல். இடைவேளைன்னு எழுதப்படாத படத்த நடுவுல அறுத்து லைட்ட போடுறது ரெண்டாவது பாகத்துல ரொம்ப உறுத்துச்சு. தியேட்டர்காரங்க மாத்தப்போறதில்ல, குறைஞ்சது ஒரு சீன் முடியுற இடமா பாத்து நிறுத்துனா போதும்.

தமிழ் டப்பிங்ல பாக்கலாமா, இங்கிலீஷ்லயா?

தமிழ்ல வந்து அது கிடைச்சா வீட்டுல பெரியவங்கள, சின்ன பசங்கள கூட்டிட்டு போறவங்க தாராளமா தமிழ்ல பாருங்க, ஓடுற எழுத்த படிச்சுக்கிட்டே அந்த பாலைவனத்த பாக்க முடியாது. ஆனா இந்த கதை முழுக்க பேச்சு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ரெண்டு அர்த்தம். டப்பிங் எழுதுறவங்க மாஸ் பட பஞ்ச் டயலாக்கா மாத்திட்டாங்கன்னா பால் மறுபடியும் ஹீரோ ஆயிடுவான், மேல சொன்ன பயம் இங்கயும் வந்து நிக்குது. தமிழ்ல ராஜசபை பேச்சுக்கு, சதிக்கு, சாபத்துக்கு வார்த்தைக்கு பஞ்சமே இல்ல, நல்லா எழுதுனா இங்கிலீஷ விட கனமா இருக்கும்.

ட்யூன் ப்ராஃபெஸி சீரிஸ் பாத்தாதான் புரியுமா?

தேவையில்ல. அது பால் பொறக்குறதுக்கு 10,000 வருஷம் முன்னாடி நடக்குற கதை. தபு நடிச்சிருக்காங்க, ஆர்வம் இருந்தா பாருங்க.

(இங்க இருந்து கதையோட முடிவு இருக்கு, வேண்டாம்னா அடுத்த ரெண்டு கேள்விய தாண்டிடுங்க) நாவல் எப்படி முடியுது?

கல்லெரிப்பான்னு சொல்லக்கூடிய ஒரு அணு ஆயுதம் வெடிச்சு பாலுக்கு கண்ணு போயிடுது. ஆனா எதிர்காலத்த முன்னாடியே பாத்து வச்சவன், அதனால கண் இல்லாமலே ஒவ்வொரு அடியும் சரியா வைக்கிறான், ஜனங்க அத அற்புதம்னு கும்புடுறாங்க, அவனுக்கு அது சிறை. சானி ரெட்டை குழந்தைய பெத்துட்டு இறந்துபோறா. கண்ணு போன ஃப்ரெமென பாலைவனத்துல விட்டுடணும்ங்கறது அவங்க சட்டம், பால் அந்த சட்டத்த தனக்கும் போட்டுக்கிட்டு தனியா மணலுக்குள்ள நடந்து போயிடறான். பேரரசனா பண்ண முடியாதத ஒரு சாதாரண ஃப்ரெமெனா பண்றான்.

அந்த குழந்தைங்க லெட்டோ, கனிமா ரோலுக்கு வளர்ந்த பசங்கள தேர்வு பண்ணியிருக்காங்கன்னு செய்தி வந்ததும் எனக்கு கொஞ்சம் திக்னு ஆச்சு. பாலோட தரிசனத்துல மட்டும் வந்தா அழகா இருக்கும். அடுத்த நாவலோட கதையையும் இதுலயே திணிச்சாங்கன்னா அந்த கடைசி நடைக்கு மூச்சு விட இடம் இருக்காது.

எந்த சின்ன சீன் கண்டிப்பா வரணும்னு ஆசைப்படுறீங்க?

ஃபரோக்னு ஒரு வயசான ஃப்ரெமென் வருவான். கடல்னு ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு, அத பாக்கணும்னே புனிதப் போருக்கு போனவன் அவன். துளித் தண்ணிக்கு உயிர குடுக்குற ஊர்ல பொறந்தவன் ஒரு கிரகத்துல கடல்ல இறங்கி முங்குறான், வெளிய வரும்போது அவனுக்குள்ள இருந்த போர் வெறி போயிடுது. ஊருக்கு திரும்புனா வீட்டுல போர்ல பார்வை போன மகன். ரெண்டு பக்கத்துல முடிஞ்சிடற விஷயம், பட்ஜெட்காரங்க முதல்ல வெட்டுறது இந்த மாதிரி இடத்தத்தான், ஆனா யாருக்காக இந்த போர்னு கேக்குற ஒரே ஏழை குரல் அது. அஞ்சு நிமிஷம் குடுங்க வில்னவ் சார், போதும்.

நாலாவது பாகம் வருமா?

வில்னவ் இதுதான் என் கடைசி ட்யூன்னு சொல்லிட்டார். நாவல் இன்னும் இருக்கு, 1976ல வந்தது, 1981ல வந்ததுன்னு போகும், வேற டைரக்டர் எடுக்கலாம். எனக்கு இதோட நிறுத்துனா சந்தோஷம், இது ஒரு முழு வட்டம்.

படத்துக்கு முன்னாடி நாவல் படிக்கணுமா?

ரெண்டாவது பாகத்துல பாலுக்கு விசில் அடிச்சவங்க படிக்காம போங்க, அந்த அடி நேரா விழட்டும். சானிக்காக கவலைப்பட்டவங்க படிச்சுட்டு போங்க, எங்க மாத்தியிருக்கார்னு பாக்குறதே தனி அனுபவமா இருக்கும். எப்படியும் டிசம்பருக்கு முன்னாடி ரெண்டு படத்தையும் ஒரு தடவை பெரிய திரையில யாராவது ரீரிலீஸ் பண்ணா நல்லா இருக்கும், 2025 மார்ச்சுல ரெண்டாவது பாகத்த இங்க திரும்ப போட்ட மாதிரி.